நீல நூலும் பச்சை நூலும்

அழைப்பு மணி அடித்தால் பெரியம்மா முதலில் பார்ப்பது வந்தவரின் காலைத்தான். இதற்காகவே தச்சரைக் கூப்பிட்டுக் கதவின் அடிப்பக்கத்தில், முழங்காலுக்கும் கீழே, ஓர் உள்ளங்கை அகலத்துக்குத் திறப்பு வெட்டி வைத்திருக்கிறார். உள்ளே ஒரு முக்காலி. மணி அடித்ததும் அதில் உட்கார்ந்து, குனிந்து, வந்தவரின் செருப்பை உற்றுப் பார்ப்பார். "எதை மிதிச்சிட்டு வர்றீங்க? வழியில மைதானம் இருக்கே, குறுக்கால நடந்தீங்களா?" என்று கதவின் காலடியிலிருந்து குரல் வரும். புதிதாக வருகிறவர்கள் அந்த வீட்டில் மிகக் குள்ளமான ஒருவர் இருப்பதாக நினைத்துக்கொண்டு, தாங்களும் குனிந்து பதில் சொல்வார்கள். பன்னிரண்டு வருடமாக மேல்மாடியிலிருந்து இதைப் பார்த்துவருகிறேன். நிமிர்ந்து நின்று பதில் சொன்னவர் மின்கட்டணம் குறிக்க வருகிறவர் ஒருவர்தான். அவருக்கு இடுப்பு வலி.

கதவு திறந்தாலும் உடனே உள்ளே போய்விட முடியாது. வாசலில் ஒரு சிவப்பு பேசின். அதில் மருந்து கலந்த தண்ணீர். செருப்பை வெளியே விட்டு, பேசினில் இறங்கி, அறுபது எண்ணிவிட்டு ஏற வேண்டும். பெரியப்பாவுக்கும் விலக்கு கிடையாது. ஒருமுறை அவர் செய்தித்தாளை விரித்தபடி பேசினில் இறங்கியவர், விளையாட்டுப் பக்கம் வரை அங்கேயே நின்று படித்துவிட்டார்.

"குட்டிக்கு நோய் எங்கிருந்தோ பறந்தா வருது? நம்ம செருப்புல ஏறி வருது. வர்றவன் சிரிச்சுக்கிட்டே கொண்டு வந்து விட்டுட்டுப் போவான்" என்பார் பெரியம்மா.

பெரியம்மா நாய்க்குட்டி விற்கிறார். அதற்கு முன் இருபத்தெட்டு வருடம் ஒரு பிரசவ ஆஸ்பத்திரியில் ஆயாவாக இருந்தார். ஓய்வு பெற்றும் அந்த வார்டை விட்டு அவர் வெளியே வரவில்லை. வார்டைத்தான் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். தாய் நாய்க்குப் பெயர் மகாராணி. நீளக் காது, குட்டைக் கால், யாரையும் மதிக்காத பார்வை. மகாராணி குட்டி போட்டால் "ஆறும் நார்மல்" என்று உறவினர்களுக்கெல்லாம் தகவல் போகும். பார்வையாளர் நேரம் நாலிலிருந்து ஆறு. வருடத்துக்கு ஒரு ஈற்றுதான். "ரெண்டு வாட்டி விட்டா லாபம்தானே?" என்று கேட்ட ஒரு தரகரிடம், "உங்க வீட்டம்மாகிட்ட இதே கேள்வியைக் கேட்டுட்டு வாங்க, அப்புறம் பேசலாம்" என்றார். அவர் திரும்பி வரவில்லை.

குட்டி வாங்க வருகிறவர்களை அவர் சம்பந்தி என்பார். சம்பந்தியிடம் எதையும் மறைப்பதில்லை. "இதோட அம்மாவுக்கு மழைக்காலத்துல காதுல சீழ் வைக்கும். இதுக்கும் வரலாம். வாரம் ஒரு தடவை காதைத் துடைக்க முடியும்னா மேல பேசுவோம்." கூட்டத்தில் சோனியான குட்டியை அவரே காட்டிவிடுவார். எட்டு வாரம் முடியாமல் எதையும் தாயிடமிருந்து பிரிக்கமாட்டார். வாங்கிப் போனவர் இரண்டு நாளுக்குள் வேறொரு டாக்டரிடம் காட்டியாக வேண்டும். "என் டாக்டரை நீங்க எதுக்கு நம்பணும்? அவரு எனக்கு வேண்டப்பட்டவரு."

இந்த நிபந்தனைகளையெல்லாம் எழுத்தில் போட்டவள் நான்தான். எங்கள் குடும்பத்தில் முதலில் பட்டம் வாங்கியவள். மூன்று வருடம் புள்ளியியல் படித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருப்பதால், குடும்பத்தில் நிரப்ப வேண்டிய படிவம் எதுவாக இருந்தாலும் படியேறி என்னிடம் வந்துவிடும். பெரியம்மா என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நாளாகிறது. "ஏ பட்டதாரி, பேனாவோட வா" என்பார்.

சம்பந்தி செய்ய வேண்டியவை என்று பத்தொன்பது சொன்னார், எழுதினேன். ஏழாவதை இரண்டு முறை அடிக்கோடிடச் சொன்னார்: இரண்டாவது தடுப்பூசி போட்டு இரண்டு வாரம் ஆகும்வரை குட்டியின் கால் வெளித்தரையில் படக்கூடாது.

"உங்க பக்கம் என்ன பெரியம்மா போடறது?"

"என் பக்கம்னா?"

"விக்கிறவங்க செய்ய வேண்டியது."

"அதான் நான் இருக்கேனே. அதுக்கு எதுக்குடி பேப்பர்?"

எனக்கும் அப்போது அது நியாயமாகத்தான் பட்டது.

போன ஈற்றில் ஆறு குட்டிகள். அடையாளத்துக்கு ஆறு நிறத்தில் கம்பளி நூல், ஒவ்வொன்றின் கழுத்திலும். தினமும் காலையில் காய்கறித் தராசில் ஒவ்வொன்றாகத் தூக்கி வைத்துப் பெரியம்மா எடை சொல்வார், நான் நோட்டில் எழுதுவேன். நீல நூல் கட்டிய குட்டியை வாங்க வந்தவர் ஒரு லிஃப்ட் மெக்கானிக். பேசினில் நின்றபடியே நேர்காணல் தொடங்கிவிட்டது.

"பகல்ல வீட்ல யாரு இருப்பா?"

"மாமனார் இருப்பாருங்க."

"அவருக்கு என்ன வேலை?"

"எனக்கு அட்வைஸ் பண்றதுங்க."

மாமனாரும் உடன் வந்திருந்தார். ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார். முப்பத்திரண்டு வருடம் அடுத்தவர் தப்பைச் சிவப்பு மையால் சுழித்தே பழகியவர். என் பத்தொன்பது நிபந்தனைகளையும் வாசித்து, வரிசை எண்ணில் பதினான்கு இரண்டு முறை வருவதைச் சுட்டிக்காட்டிவிட்டு, "மத்தபடி சரியா இருக்கு" என்று கையெழுத்துப் போட்டார். பெரியம்மாவை "சிஸ்டர்" என்று கூப்பிட்டார். நர்ஸ் இல்லை, ஆயா என்று பெரியம்மா திருத்தவில்லை. அன்று அவர் மெக்கானிக்குக்குக் கொடுத்த தேநீரை விட வாத்தியாருக்குக் கொடுத்ததில் சர்க்கரை கூட.

குட்டி வீட்டுக்குப் போன நான்காம் நாள், பூங்கா பெஞ்சில் உட்காரும் தன் சகாக்களுக்குக் காட்ட வாத்தியார் குட்டியைச் சட்டைக்குள் வைத்துக் கொண்டுபோனார். பாராட்டு பலமாக இருந்திருக்கிறது. நடக்குமா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். இவர் தரையில் விட்டுக் காட்டினார்.

ஒன்பதாம் நாள் காலை குட்டி வாந்தி எடுத்தது. மதியத்துக்குள் ரத்தமாகப் போயிற்று. பெரியம்மாவின் டாக்டர் வந்து பார்த்துவிட்டு, பார்வோ என்றார். குட்டிகளின் குடலை அரித்துவிடுகிற வைரஸ். தரையில், செருப்பில், துணியில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். பிழைத்தால் ஐந்து நாளில் தெரியும். பிழைக்காவிட்டால் அதற்கும் முன்னால் தெரிந்துவிடும்.

பெரியம்மா ஒரு பையில் நாலு புடவையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். "அந்தக் குட்டியைத் தொட்ட கையோட நான் இங்க வர முடியாது. இங்க இன்னும் ரெண்டு குட்டி இருக்கு. பிழைச்சா வர்றேன்" என்று சொல்லிவிட்டு, கூப்பிடாமலே லிஃப்ட் மெக்கானிக் வீட்டுக் கூடத்தில் போய்க் குடியேறினார்.

அந்த வீடு வார்டாக மாறியது. மெக்கானிக்கின் மனைவி பால் காய்ச்சக்கூட அனுமதி கேட்க வேண்டியிருந்தது. கூடத்துக்குப் போகிறவர்கள் தனித் துண்டு, தனிச் செருப்பு. சலைன் பாட்டிலைத் தொங்கவிட இடம் தேடியபோது மெக்கானிக் இரும்புக் கம்பி, கப்பி எல்லாம் வைத்து ஏற்றி இறக்க வசதியாக ஒன்று செய்துகொடுத்தார். "எத்தனை கிலோ தாங்கும்?" என்று பெரியம்மா கேட்க, "எட்டு பேர்ங்க" என்றார்.

வாத்தியார் மட்டும் மூலையில் ஒரு நாற்காலியில் இருந்தார். குட்டி அருகே வர அவருக்கு அனுமதி இல்லை. அதைச் சொன்னது பெரியம்மா அல்ல, மகள். பூங்கா விஷயம் தெரிந்ததிலிருந்து அப்பாவோடு அவள் பேச்சை நிறுத்தியிருந்தாள். அவர் தூரத்திலிருந்தே சொட்டுகளை எண்ணினார். "சிஸ்டர், நிமிஷத்துக்குப் பதினாறு விழுது. டாக்டர் பதினாலு சொன்னார்." பெரியம்மா திருகைத் திருப்புவார். முதல் மூன்று நாளும் அந்த இருவருக்கும் இடையில் நடந்த பேச்சு அவ்வளவுதான்.

டாக்டருக்கு ஒரு விஷயம் இடித்துக்கொண்டே இருந்தது. "ஆறாவது வாரத்துல முதல் ஊசி போட்டிருக்கு. போட்ட குட்டிக்கு இவ்வளவு கடுமையா வர்றது அபூர்வம்."

"நீங்கதானே டாக்டர் போட்டீங்க? நீலம். கார்டுல ஸ்டிக்கர் இருக்கு, உங்க கையெழுத்து இருக்கு."

"இருக்கும்மா. சில உடம்புல பிடிக்காமப் போறதும் உண்டு."

மூன்றாம் நாள் பெரியம்மா என்னைப் போனில் அழைத்தார். குட்டி எவ்வளவு இளைத்திருக்கிறது என்று டாக்டர் கேட்கிறாராம். பழைய எடைகளை வாசிக்க வேண்டும். நோட்டைத் திறந்து நீலத்தின் வரிசையில் விரலை வைத்து வாசித்துக்கொண்டே போனேன். ஆறாவது வாரத்தில் விரல் நின்றுவிட்டது.

ஊசி போட்ட அன்று காலை நீலம் இரண்டு கிலோ நூற்றைம்பது. மறுநாள் காலை ஒரு கிலோ தொள்ளாயிரத்து முப்பது. பக்கத்து வரிசையில் பச்சை, அதே ஒரே நாளில், ஒரு கிலோ தொள்ளாயிரத்து இருபதிலிருந்து இரண்டு கிலோ நூற்றெண்பது.

எந்தக் குட்டியும் ஒரே நாளில் கால் கிலோ இளைப்பதில்லை. இன்னொரு குட்டி அதே கால் கிலோவை எடுத்துக்கொண்டு பெருப்பதும் இல்லை.

"பெரியம்மா, ஸ்பீக்கரை ஆஃப் பண்ணுங்க."

"எதுக்கு? எனக்கென்ன ஒளிவு மறைவு? சொல்லுடி, எல்லாரும் கேக்கட்டும்."

"ஆஃப் பண்ணுங்க பெரியம்மா."

போனில் ஏதோ உரசும் சத்தம். பிறகு அவர் மூச்சு மட்டும். நான் சொன்னேன்.

அன்று நடந்தது எங்கள் இருவருக்குமே நினைவுக்கு வந்தது. பெரியம்மாவின் கூடையில் மூன்று குட்டிகள்தான் கொள்ளும். காலையில் சிவப்பு, மஞ்சள், நீலம் மூன்றையும் கொண்டுபோய் ஊசி போட்டு வந்தார். மாலையில் பச்சை, வெள்ளை, கறுப்பு. நடுவில், ஆறும் ஒன்றையொன்று கழுத்தைக் கவ்விப் புரண்டு விளையாடியதில், நீல நூலும் பச்சை நூலும் அறுந்து தரையில் கிடந்தன. இரண்டு குட்டிக்கும் ஒரே பழுப்பு, ஒரே வெள்ளை நெற்றி. தராசில் வைத்துப் பார்க்கலாமா என்று நான் கேட்டேன். பெரியம்மா சிரித்தார். "இருபத்தெட்டு வருஷம் பச்சைக் குழந்தைங்க கையில நம்பர் பட்டி கட்டினவ நான். ஒண்ணு மாறினதில்ல. என்கிட்ட தராசை நீட்டறியா?" என்று இரண்டையும் ஒரு பார்வை பார்த்து நூலைக் கட்டினார். மாற்றிக் கட்டினார். காலையில் ஊசி வாங்கிய குட்டி, பச்சை நூலோடு மாலையிலும் போய் இன்னொரு ஊசி வாங்கியது. மெக்கானிக் வீட்டுக்குப் போனது ஒன்றுகூட வாங்காத குட்டி.

மறுநாள் காலை எடை எழுதியவள் நான். இரண்டு எண்ணும் இடம் மாறி நின்றதை என் கையாலேயே எழுதியிருக்கிறேன். வரைபடம் போட்டு, சராசரி கண்டு, விலகல் கண்டு தேறியவள். ஒரு கேள்வி கேட்கவில்லை.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டுப் பெரியம்மா போனில், "வெள்ளைக்குட்டிக்குத் தண்ணி மாத்தி வை. வெதுவெதுப்பா இருக்கணும்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

குட்டி பிழைத்துக்கொண்டது. ஐந்தாம் நாள் எழுந்து நின்றது, விழுந்தது, மறுபடி நின்று மெக்கானிக்கின் காலுறையைக் கவ்வியது. பெரியம்மாவை அழைத்துவர அன்று மாலை நான் அங்கே போனேன். அவர் மருந்துத் தண்ணீரில் குளித்துவிட்டுப் பையைக் கட்டிக்கொண்டிருந்தார். வாத்தியார் மூலை நாற்காலியிலிருந்து எழுந்தார். சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டார்.

"சிஸ்டர். ஏழாவது நிபந்தனையில கையெழுத்துப் போட்டவன் நான். அதை மீறினவனும் நான். இந்த உயிருக்கு வந்தது என்னால வந்தது. மன்னிச்சுக்கணும்."

மெக்கானிக்குக்குக் காது குளிர்ந்துவிட்டது. பத்து வருட மருமகன் கேட்டிராத வாக்கியம் அது. "மாமா, ஒரு நிமிஷம். அவ சமையல்கட்டுல இருக்கா, வரட்டும். இன்னொரு தடவை சொல்லுங்க" என்றார். மகள் வந்தாள். வாத்தியார் இன்னொரு முறையும் சொன்னார், ஒரு வார்த்தை மாறாமல்.

நான் பெரியம்மாவைப் பார்த்தேன். அவர் வாய் திறந்தது. எனக்குத் தெரியும், அது சொல்லத்தான் திறந்தது. ஆனால் மகளும் மருமகனும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள், தீர்ப்புக்காக.

"சரி விடுங்க பெரியவரே" என்றார் பெரியம்மா. "மனுஷங்கன்னா தப்பு வரத்தான் செய்யும்."

மன்னித்தே விட்டார்.

தெருமுனை திரும்பியதும் நான் பிடித்துக்கொண்டேன். "என்ன பெரியம்மா இது?"

"என்னது என்னது? அவரு தரையில விட்டாரா இல்லையா?"

"விட்டாரு."

"விட்டிருக்கக்கூடாது இல்ல?"

"கூடாது. ஆனா ஊசி போட்டிருந்தா இப்படி வந்திருக்குமா?"

பையைக் கை மாற்றிக்கொண்டார். "குட்டி பிழைக்கட்டும், சொல்லிடலாம்னு இருந்தேன். பிழைச்சிடுச்சு. பிழைச்சதுக்கப்புறம் சொன்னா, இப்ப எதுக்கு சொல்றேன்னு கேப்பாங்க."

"பிழைக்காம இருந்தா?"

"பிழைக்காம இருந்திருந்தா சொல்லியிருக்கவே முடியாதுடி" என்றார்.

மறுநாளிலிருந்து அவர் திருத்திக்கொண்டது ஏராளம். கம்பளி நூல் குப்பைக்குப் போயிற்று. அடுத்த ஈற்றுக்கென்று ஆறு நிறத்தில் நகப்பூச்சு வாங்கி வைத்திருக்கிறார். குட்டிகள் கடிக்க முடியாதபடி பின்னங்கால் நகத்தில் பூசுவதாகத் திட்டம். எது சீக்கிரம் உரியாது என்று பெரியப்பாவின் கால்விரல்களில் சோதித்துவருகிறார். பெரியப்பா இப்போது பேசினில் நிற்கும்போது பார்க்கப் பண்டிகையாக இருக்கிறது. பச்சை நூல் குட்டி போன வீட்டுக்கும், மற்ற வீடுகளுக்கும் தானே போய், ஊசி சரியாக விழுந்திருக்கிறதா என்று ரத்தம் சோதிக்க ஏற்பாடு செய்து வந்தார். இரண்டு ஊசி வாங்கிய குட்டி யானை மாதிரி இருக்கிறதாம். ஒப்பந்தத்தில் விற்கிறவர் பக்கம் என்று தனியாக ஒரு தாள் போடச் சொல்லி, பதினோரு வரி எழுத வைத்தார். "தராசு காட்டுறதைத்தான் நம்பணும், கண்ணை இல்ல" என்று முதல் வரி. டாக்டரிடம் போய் அவருடைய பதிவேட்டைத் திருத்தவும் செய்தார். டாக்டருக்குச் சொல்ல முடிந்தது. வாத்தியாருக்குத்தான் முடியவில்லை.

சொல்ல முயலாமலும் இல்லை. ஒருநாள் என்னிடம் தாளை நீட்டி, "நீ படிச்சவ. நான் சொல்ற மாதிரி அவருக்கு ஒண்ணு எழுதிக் குடு" என்றார். ஒரு பக்கம் எழுதி வாசித்துக்காட்டினேன். கண்ணை மூடிக் கேட்டார். "நல்லாத்தான் இருக்கு. ஆனா இதுல தப்பு செஞ்சவ ரொம்ப நல்லவளா இருக்காளே" என்று சொல்லி மடித்து அரிசி டப்பாவின் கீழ் வைத்துவிட்டார். வாத்தியாரிடம் நீயே போய்ச் சொல்லியிருக்கலாமே என்று யாராவது என்னைக் கேட்கலாம். அது பெரியம்மாவின் கடன் என்று இருந்துவிட்டேன். அப்படி இருந்துவிடுவது எனக்கு வசதியாகவும் இருந்தது.

அங்கே வாத்தியார் வீட்டில் நிலைமை வேறு மாதிரி இறுகிவிட்டது. குட்டியை அவர் தனியாகத் தூக்கக்கூடாது. வாரைப் பிடிக்கக்கூடாது. பூங்காவுக்கு அவர் போவதும் நின்றுவிட்டது, அவராகவே நிறுத்திக்கொண்டார். மெக்கானிக் வேடிக்கையாக, வேலைக்குக் கொண்டுபோகும் பலகை ஒன்றை எடுத்து மாமனாரின் நாற்காலி முதுகில் மாட்டிவிட்டாராம். 'பழுது. பயன்படுத்த வேண்டாம்.' எங்களிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். பெரியம்மா, "அதைக் கழட்டுங்க" என்றார். "சும்மா தமாஷுங்க." "கழட்டுங்கன்னேன்." மெக்கானிக் சிரிப்பை நிறுத்தி, "இன்னிக்கே கழட்டிடறேங்க" என்றார்.

இங்கே மிச்சமிருந்த இரண்டு குட்டியும் விற்றுப்போனபின், ஞாயிறுதோறும் அந்தக் குட்டியை எடை பார்க்க இங்கே கொண்டுவருகிறார்கள். மெக்கானிக் குட்டியைப் பிடித்துக்கொள்வார். பின்னால் வாத்தியார் தடுப்பூசி அட்டையை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வருவார். ஒரு ஞாயிறு பெரியம்மா குட்டியை மருமகன் கையிலிருந்து வாங்கி வாத்தியாரின் மடியில் வைத்தார். "இனிமே இவரே தூக்கட்டும்."

"ஏங்க, மறுபடி இவரு..."

"நான் சொல்றேன்ல."

காரணம் சொல்லவில்லை. வாத்தியாரின் கைகள் உறையை விட்டுவிட்டுக் குட்டிமேல் வந்து, எங்கே வைப்பது என்று தெரியாமல் சற்று நேரம் அந்தரத்தில் நின்றன.

போன ஞாயிறு மெக்கானிக்குக்கு வேலை. வாத்தியார் மட்டும் குட்டியோடு வந்திருந்தார். இதைவிட நல்ல சமயம் வாய்க்காது. நான் நோட்டை மூடிவிட்டு மாடிக்குப் போவதுபோல் படியில் நின்றேன். பெரியம்மா எடை பார்த்தார். காதைத் துடைத்தார். பல்லைப் பார்த்தார். பார்க்க இனி எதுவும் மிச்சமில்லை.

"பெரியவரே, அந்த ஊசி விஷயம்..."

"தெரியும் சிஸ்டர்" என்றார் வாத்தியார் அவசரமாக. "அடுத்தது பதினெட்டாம் தேதி. குறிச்சு வெச்சிருக்கேன். இனிமே என்னால ஒரு தப்பு வராது. அன்னிக்கு நீங்க அவ்வளவு பெருந்தன்மையா விட்டுட்டீங்க. என்னால மறக்க முடியலை."

பெரியம்மா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். வெயிலில் நடந்து வந்ததில் வாத்தியாரின் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. அந்த அறையில் ஒரே ஒரு மேசை விசிறி. அது மகாராணிக்கு. பெரியப்பாவுக்குக் காய்ச்சல் வந்தபோதுகூட அது மகாராணியை விட்டுத் திரும்பியதில்லை. பெரியம்மா எழுந்து போய் விசிறியின் கழுத்தைப் பிடித்து வாத்தியார் பக்கம் திருப்பினார். அது மறுபடி ஆடித் திரும்பிவிடாதபடி பின்னால் இருந்த குமிழை அழுத்தினார்.

மகாராணி தலையைத் தூக்கிப் பார்த்தது.

"ஐயோ, எனக்கு எதுக்கு சிஸ்டர், அதுக்கு வைங்க" என்றார் வாத்தியார்.

பெரியம்மா விசிறியின் வேகத்தை மூன்றில் வைத்தார்.